தொட்டும் தொடாமலும்

சாவியைத் திருப்பினேன். ‘டக்’ என்று ஒரே ஒரு சத்தம். அதற்குமேல் ஒன்றுமில்லை. டாஷ்போர்டு விளக்குகள் எல்லாம் எரிகின்றன. ஹாரனை அழுத்தினால் தெருநாய் எழுந்துகொள்கிறது. ஹெட்லைட்டைப் போட்டால் எதிர்வீட்டுச் சுவர் பகல்போல் வெளுக்கிறது. செல்ஃப் மட்டும் எடுக்கவில்லை. விடிகாலை ஐந்தரை மணி; ரயிலுக்கு நாற்பது நிமிடம். ஆறாவது தடவை திருப்பியபோது, தனக்கு எதுவுமே தெரியாது என்பதுபோல வண்டி கிளம்பிவிட்டது.

மூன்று மாதமாக இந்தக் கூத்து. பத்து நாள் ஒழுங்காக எடுக்கும். பதினோராம் நாள் ‘டக்’. பட்டறைக்குக் கொண்டுபோனால் அங்கே ஒரு தடவைகூடத் தகராறு செய்யாது. டாக்டர் வீட்டுப் படியேறியதும் பல்வலி போய்விடுமே, அந்த மாதிரி. கடைசியில் ஒரு பேட்டரிக் கடையில், “நாலு வருஷம் ஆச்சே சார், செல் போயிருக்கும்” என்றார்கள். பழையதைக் கொடுத்துவிட்டுப் புதியதை மாட்டிக்கொண்டு வந்தேன். சரியாகிவிட்டது. மூன்று வாரத்துக்கு.

பழுது பேட்டரியில் இல்லையென்றால், பேட்டரியை மாற்றியதும் ஏன் சரியாயிற்று? பேட்டரியில்தான் என்றால், புதிய பேட்டரியோடு ஏன் திரும்பி வந்தது? வீட்டிலிருந்த மல்டிமீட்டரை எடுத்துவந்து வைத்துப் பார்த்தேன். 12.6 வோல்ட். ஆறு செல் கொண்ட ஈய அமில பேட்டரி முழு சார்ஜில் காட்டவேண்டிய அளவு அதுதான். வயரை ஒட்டிப் பார்த்தேன், அங்கும் 12.6. செல்ஃப் மோட்டாரின் முனை வரைக்கும் 12.6. மீட்டரின்படி என் வண்டியில் குறையே இல்லை.

தெருமுனையில் வேப்பமரத்தடியில் கடை போட்டிருக்கும் ஆட்டோ எலக்ட்ரீஷியனைக் கூட்டிவந்தேன். அவர் மீட்டரைத் தொடவே இல்லை. பானெட்டைத் தூக்கி, பேட்டரியின் நெகட்டிவ் டெர்மினலை இரண்டு விரலால் பிடித்துத் திருகினார். ஒரு நூலளவு திரும்பியது. நட்டு இறுக்கமாகத்தான் இருந்தது. ஆனால் கிளாம்பின் இரண்டு உதடுகளும் ஒன்றோடொன்று முட்டி நின்றன. இறுக்கமெல்லாம் அந்த உதடுகளுக்கு நடுவில், ஈயக் கம்பத்தின்மேல் இல்லை. பழைய கிளாம்ப் விரிந்து போயிருந்தது. புதிய பேட்டரியின் கம்பமோ கொஞ்சம் ஒல்லி.

“தொட்டுக்கிட்டுதான் சார் இருக்கு. புடிச்சுக்கிட்டு இல்ல” என்றார்.

இரண்டு உலோகம் ஒன்றையொன்று தொடுவது என்றால் என்ன என்ற கேள்வியில் இயற்பியலாளர்கள் ஆண்டுக்கணக்கில் செலவிட்டிருக்கிறார்கள். அவர் அதை ஒரே மூச்சில் சொல்லிவிட்டு ஸ்பானர் தேடப் போனார்.

முதலில் மீட்டர் ஏன் ஏமாந்தது என்று பார்ப்போம். அது பொய் சொல்லவில்லை. நான் கேட்ட கேள்விதான் தப்பு. ஊரில் நிலத்தரகர் இருக்கிறாரே, அவரை நினைத்துக்கொள்ளுங்கள். சும்மா விலை விசாரிக்க வந்தவரிடம் அவர் கமிஷன் கேட்பதில்லை. பணம் கைமாறும்போதுதான் கேட்பார். அதுவும் மாறும் தொகைக்கு ஏற்றபடி. மின்சாரத்தின் பாதையில் இருக்கும் மோசமான இணைப்பும் அப்படிப்பட்ட தரகர்தான். அதன் மின்தடையைப் போகும் ஆம்பியரால் பெருக்கினால் அது பிடித்துக்கொள்ளும் வோல்ட் கிடைக்கும். இது ஜார்ஜ் ஓம் 1827இல் எழுதிவைத்த கணக்கு. பள்ளியில் நாம் எல்லோரும் மனப்பாடம் செய்து மறந்தது.

என் வண்டியின் அந்த டெர்மினலில் 0.02 ஓம் தடை இருந்ததாக வைத்துக்கொள்வோம். ஒரு ஓமில் ஐம்பதில் ஒரு பங்கு. சாதாரண மீட்டரால் நம்பிக்கையாக அளக்கவே முடியாத தூசு. டிஜிட்டல் மல்டிமீட்டரின் உள்தடை பொதுவாக 1 கோடி ஓம். 12 வோல்ட்டில் அது இழுப்பது ஒரு ஆம்பியரில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு அளவு. அதற்குத் தரகர் என்ன கமிஷன் கேட்பார்? பூஜ்ஜியம். இரண்டு ஹெட்லைட்டும் சேர்ந்து 110 வாட். ஏறத்தாழ 9 ஆம்பியர். கமிஷன் 0.18 வோல்ட். வெளிச்சத்தில் யார் கண்ணுக்கும் அது தெரியாது. செல்ஃப் மோட்டார் கேட்பதோ 150 ஆம்பியர் அளவில். டீசல் வண்டி என்றால் இன்னும் கூடுதல். அப்போது கமிஷன் 3 வோல்ட். செல்ஃப் எடுக்கும்போது நல்ல பேட்டரியே 11, 10 என்று இறங்கும். அதில் இன்னொரு 3 போனால் மிச்சத்தில் இன்ஜின் சுழலாது. ஹெட்லைட் பளிச்சென்று எரிவதும் செல்ஃப் எடுக்காததும் ஒன்றுக்கொன்று முரண் இல்லை. ஒரே தரகரின் இரண்டு கணக்கு அவை.

அந்த 3 வோல்ட் எங்கே போகிறது? வெப்பமாகப் போகிறது. 3 வோல்ட்டை 150 ஆம்பியரால் பெருக்கினால் 450 வாட். ரேடியோ பழுது பார்ப்பவர் வைத்திருக்கும் 25 வாட் சால்டரிங் அயர்ன் பதினெட்டை அந்த ஒரு டெர்மினலில் சொருகி வைத்ததற்குச் சமம். நாலைந்து தடவை செல்ஃப் அடித்துவிட்டு, சாவியை எடுத்த பிறகு ஒவ்வொரு இணைப்பாகத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருப்பது எதுவோ அதுதான். மெதுவாகத் தொடுங்கள், சில சமயம் சுடும்.

இப்போது எலக்ட்ரீஷியன் சொன்ன வாக்கியத்துக்கு வருவோம். தொடுவது, பிடிப்பது.

வழவழவென்று தெரியும் உலோகப் பரப்பை நுண்ணோக்கியில் வைத்தால் மேடும் பள்ளமுமாக இருக்கும். இரண்டு பலாப்பழங்களை ஒட்டிவைத்தால் எது எதைத் தொடும்? முள்ளின் நுனிகள் தொடும். மற்ற இடமெல்லாம் காற்று. பேட்டரிக் கம்பமும் கிளாம்பும் அப்படித்தான் தொட்டுக்கொள்கின்றன. கண்ணுக்குத் தெரியும் பரப்பு பல சதுர சென்டிமீட்டர். உண்மையில் உலோகத்தை உலோகம் தொடும் இடம் அதில் மிகச் சிறிய பங்கு, சிதறிக் கிடக்கும் சில புள்ளிகள். ஸ்வீடனில் பிறந்து ஜெர்மனியில் வேலைபார்த்த ராக்னர் ஹோம் என்ற இயற்பியலாளர் தன் வாழ்நாளின் பெரும்பகுதியை இந்தப் புள்ளிகளுக்காகவே செலவழித்தார். இன்றும் மின்தொடுகை ஆய்வாளர்கள் கூடும் மாநாடு அவர் பெயரில்தான் நடக்கிறது.

மின்னோட்டம் அந்தப் புள்ளிகள் வழியாகத்தான் போயாக வேண்டும். வைகுண்ட ஏகாதசியன்று வீதி முழுக்கப் பரவி வரும் கூட்டம் சொர்க்கவாசலில் நெருக்கியடித்து நுழைகிறதே, அதைப்போல. வாசலுக்கு முன்னும் விசாலம், பின்னும் விசாலம். நெருக்கடி எல்லாம் அந்த வாசலில்தான். வயர் எவ்வளவு தடிமனாக இருந்தாலும் இந்த நெருக்கடி குறையாது. அழுத்திப் பிடித்தால் குறையும். அழுத்தினால் முள் நுனிகள் நசுங்குகின்றன, பக்கத்து முள்களும் வந்து தொடுகின்றன, வாசல்கள் பெருகுகின்றன. உண்மையான தொடுபரப்பைத் தீர்மானிப்பது இணைப்பின் அகலத்தைவிட அதை அழுத்திப் பிடிக்கும் விசைதான். பிடித்தலும் தொடுதலும் வேறு என்று எலக்ட்ரீஷியன் சொன்னதன் பௌதிகம் இதுதான்.

ஹோம் கண்டுசொன்ன இன்னொரு விஷயம் எனக்கு எப்போதும் ஆச்சரியம். புள்ளி மிகச் சிறியது என்பதால் அதில் பிறக்கும் வெப்பம் அங்கேயே குவிகிறது. வெள்ளீயத்தாலான ஒரு தொடுபுள்ளியின் இருபுறத்துக்கும் இடையே வெறும் 0.13 வோல்ட் வித்தியாசம் இருந்தால் போதும், அந்தப் புள்ளி உருகிவிடும். தாமிரத்துக்கு 0.43 வோல்ட். டார்ச் செல் ஒன்றின் 1.5 வோல்ட்டோடு ஒப்பிட்டுப் பாருங்கள். நாம் கையால் தொட்டால் வெதுவெதுப்பாக இருக்கும் ஓர் இணைப்புக்குள், கண்ணுக்குத் தெரியாத மலைமுகடுகள் உருகிக்கொண்டும் உறைந்துகொண்டும் இருக்கின்றன.

இது பழுது மட்டும்தானா என்றால், இல்லை. லூஸ் காண்டாக்ட் என்று நாம் திட்டும் இந்த விஷயத்தின்மேல்தான் தொலைபேசியும் வானொலியும் தவழ்ந்து எழுந்தன. 1878இல் லண்டனில் டேவிட் எட்வர்டு ஹியூஸ் இரண்டு ஆணிகளைப் பக்கம் பக்கமாக வைத்து, மூன்றாவது ஆணியை அவற்றின் குறுக்கே சும்மா கிடத்தினார். ஒரு பேட்டரி, ஒரு தொலைபேசிக் கேட்பி. அவ்வளவுதான் கருவி. பக்கத்தில் பேசினால் குறுக்காணி நுண்ணிதாக அதிரும், தொடுபுள்ளிகள் கூடிக் குறையும், மின்னோட்டமும் கூடிக் குறையும், கேட்பியில் குரல் வரும். அதையே கரித்துண்டுகளால் செய்தபோது ஈ நடக்கும் சத்தம்கூடக் கேட்டது என்று அந்தக் காலத்தில் பரபரப்பாகப் பேசிக்கொண்டார்கள். நம் வீடுகளில் இருந்த கறுப்புத் தொலைபேசியின் பேசும் முனையிலும் கரித்துகள்கள்தான் இருந்தன. குரல் சரியாகக் கேட்காவிட்டால் ரிசீவரை உள்ளங்கையில் இரண்டு தட்டு தட்டுவோமே, அது மூடநம்பிக்கை அல்ல. இறுகிப்போன துகள்களை உலுக்கி மறுபடியும் ‘லூஸ்’ ஆக்கும் வைத்தியம்.

1890இல் பாரிஸில் எதுவார் பிரான்லி இதைவிட விசித்திரமான ஒன்றைப் பார்த்தார். கண்ணாடிக் குழாயில் உலோகத் துருவலை நிரப்பி மின்சாரம் செலுத்தினால் போகாது. துகள்களின்மேல் படிந்த ஆக்சைடு படலம் தடுக்கும். பக்கத்தில் எங்காவது ஒரு மின்பொறி வெடித்தால், சட்டென்று பாதை திறந்துகொள்ளும். குழாயைத் தட்டினால் மறுபடி மூடிக்கொள்ளும். காற்றில் வந்த மின் அலை படலத்தைத் துளைத்து, துகளோடு துகளை ஒட்டவைத்துவிடுகிறது. பரவலாகப் பயன்பட்ட முதல் ரேடியோ அலைக் கண்டறி இதுதான். ஒவ்வொரு தடவையும் தட்டவேண்டிய தொல்லையைத் தீர்க்கப் பலர் முயன்றார்கள். கல்கத்தாவில் ஜகதீஷ் சந்திர போஸ், தட்டாமலே பழைய நிலைக்குத் திரும்பும் தொடுகைகளைப் பற்றி 1899இல் ராயல் சொசைட்டிக்கு எழுதினார். தானே கெட்டு, தானே சரியாகும் ஓர் இணைப்பு! எனக்கு என் வண்டி ஞாபகம்தான் வருகிறது.

ஏனென்றால் பானெட்டுக்கடியில் நடந்ததும் அதே நாடகம். ஒவ்வொரு முறை சாவியைத் திருப்பும்போதும் கம்பத்துக்கும் கிளாம்புக்கும் இடையிலுள்ள படலம் எங்கோ ஓர் இடத்தில் துளைபடுகிறது, ஒரு புள்ளி ஒட்டுகிறது. ஆறாவது திருப்பலில் போதுமான புள்ளிகள் சேர்ந்துவிட்டன. வண்டி கிளம்பியது. பிறகு ரோட்டிலுள்ள வேகத்தடைகள் அந்த ஒட்டை உடைத்தன. பட்டறையில் பழுது தலைகாட்டாமல் இருந்ததற்கும் இதுவே காரணம்; உடைக்கிற குலுக்கலே சில சமயம் ஒட்டவும் வைக்கும். மேடு பள்ளம் குலுக்கி, இன்ஜின் சூட்டில் உலோகம் விரிந்து, கிளாம்ப் வேறு வாகில் உட்கார்ந்திருக்கும். புதிய பேட்டரி மூன்று வாரம் உழைத்ததும் அதனால்தான். மாட்டுவதற்காகக் கிளாம்பைக் கழற்றினார்கள், கம்பத்தில் தேய்த்துச் செருகினார்கள்; அந்தத் தேய்ப்புதான் வைத்தியம். பேட்டரிக்குக் கொடுத்த காசு அந்த ஒரு தேய்ப்புக்குக் கொடுத்த கூலி. விட்டுவிட்டு வரும் மின்பழுதில் இதுதான் பெரிய சூழ்ச்சி. எந்தப் பொருளை மாற்றினாலும் அதன் இணைப்பைக் கழற்றி மாட்டியாக வேண்டும். சரியானது இணைப்பு, பெயர் வாங்குவது பொருள்.

எத்தனையோ இணைப்புகள் இருக்க, பேட்டரி முனை மட்டும் ஏன் அடிக்கடி இந்தக் கதிக்கு ஆளாகிறது? அங்கே எல்லாத் தீவினையும் ஒன்றுசேர்கிறது. 1859இல் காஸ்தோன் பிளாந்தே என்ற பிரெஞ்சுக்காரர் ஈயத் தகடுகளைக் கந்தக அமிலத்தில் அமிழ்த்திச் செய்த அமைப்பின் வாரிசுதான் இன்றைய கார் பேட்டரியும். ஈயம் மெத்தென்ற உலோகம். நகத்தால் கீறினாலே கோடு விழும். இறுக்கிப் பிடித்தால் நாளடைவில் மெல்ல மெல்ல நெகிழ்ந்து கொடுக்கும். போன வருடம் முடுக்கிய நட்டு இந்த வருடம் தானாகத் தளர்ந்திருப்பதற்கு யாரும் திருகவேண்டியதில்லை. சார்ஜ் ஏறும்போது கிளம்பும் வாயுக் குமிழ்கள் கொஞ்சம் அமிலத்தையும் ஆவியாகத் தூக்கிவருகின்றன. அது ஈயத்தோடு சேர்ந்தால் வெள்ளைத் தூள், தாமிரத்தோடு சேர்ந்தால் நீலப்பச்சைத் தூள். “டெர்மினல் பூத்திருக்கு” என்பார்கள் பட்டறையில். ஒரு கரண்டி ஆப்ப சோடாவைத் தண்ணீரில் கரைத்து ஊற்றினால் நுரைத்துக் கரைந்துவிடும். வெளியே பூத்திருப்பதாவது கண்ணுக்குத் தெரிகிறது. வில்லங்கம், கம்பத்துக்கும் கிளாம்புக்கும் நடுவே, வெளியே துடைத்துப் பளபளவென்று இருக்கும் டெர்மினலுக்குள்ளே, சாம்பல் நிறத்தில் படியும் மெல்லிய ஏடு. கழற்றி உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால்தான் தெரியும்.

கழற்றுவதில் ஒரு வரிசை உண்டு. நெகட்டிவ் முதலில். வண்டியின் உடம்பு முழுவதும் நெகட்டிவோடு சேர்ந்திருப்பதால், பாசிட்டிவைக் கழற்றும் ஸ்பானர் தவறி உடம்பில் பட்டால் பேட்டரி நேராக ஷார்ட் ஆகும். பக்கத்தில் ஹைட்ரஜன் வாயு வேறு தங்கியிருக்கலாம். நெகட்டிவை முதலில் பிரித்துவிட்டால் ஸ்பானர் எங்கே பட்டாலும் கவலையில்லை. மாட்டும்போது நெகட்டிவ் கடைசியில். இன்னொன்றையும் சொல்லவேண்டும். டைனமோ வேலை செய்கிறதா என்று பார்க்க, ஓடும் வண்டியில் பேட்டரி டெர்மினலைப் பிடுங்கிப் பார்க்கும் வழக்கம் பழைய மெக்கானிக்குகளிடம் இருக்கிறது. அந்தக் கால வண்டிக்கு அது சரியாகப்பட்டிருக்கலாம். இன்றைய வண்டியில் ஆல்டர்னேட்டர் நல்ல ஓட்டத்தில் சார்ஜ் கொடுத்துக்கொண்டிருக்கும்போது பேட்டரி சட்டென்று விலகினால், அந்த நொடியில் வோல்ட் 80ஐயும் தாண்டி எகிறலாம். உள்ளே எத்தனை கணினிப் பெட்டிகள் இருக்கின்றன! தளர்ந்த டெர்மினல், யாரும் பிடுங்காமலேயே ஓட்டத்தின் நடுவில் இதைச் செய்துவிடக்கூடியது. செல்ஃப் எடுக்காதது அதன் சின்னக் குற்றம்.

பேட்டரியோடு கதை முடிந்தால் நல்லது. ஆனால் எலக்ட்ரீஷியன்கள் அதிகம் திணறுவது எர்த்திடம். பாசிட்டிவ் பக்கம் ஒவ்வொன்றுக்கும் தனி வயர், தனி ஃபியூஸ் என்று கண்ணுக்குத் தெரியும் ராஜபாட்டை. மின்சாரம் திரும்பிப் போவதற்கோ வண்டியின் உடம்பே பாதை. அங்கங்கே ஒரு போல்ட், அதன் அடியில் ஒரு வளையம், அதற்கடியில் பெயின்ட், துரு, மழைத்தண்ணீர். இன்ஜின் ரப்பர் மெத்தையில் உட்கார்ந்திருப்பதால் உடம்போடு உலோகத்தொடர்பு அதற்கு இயல்பாகக் கிடையாது. ஒரு பின்னல் பட்டைதான் இரண்டையும் இணைக்கிறது. அந்தப் பட்டை அறுந்தால் செல்ஃப் மோட்டாரின் நூற்றுக்கணக்கான ஆம்பியர் வேறு வழி தேடும். ஆக்சிலேட்டர் கேபிள், கிளட்ச் கேபிள், எது உலோகமாகக் கிடைக்கிறதோ அது. செல்ஃப் அடிக்கும்போது ஆக்சிலேட்டர் கேபிள் புகைந்தால் கேபிள்மேல் குற்றமில்லை.

பின்விளக்கு எர்த் போனால் நடப்பது இன்னும் வேடிக்கை. பிரேக்கை அழுத்தினால் இண்டிகேட்டர் மினுக்கும், இண்டிகேட்டர் போட்டால் பார்க்கிங் விளக்கு கூடவே துடிக்கும். பேய் பிடித்த வண்டி என்று தோன்றும். பேயெல்லாம் இல்லை. பிரேக் விளக்கின் மின்சாரம் இழைவழியே வந்து, பூமிக்கு இறங்கும் கதவு சாத்தியிருப்பதைப் பார்த்து, பக்கத்து வீட்டு இழைக்குள் பின்வாசல் வழியாக நுழைந்து, அது போகும் வயரைப் பிடித்து வேறெங்கோ இறங்குகிறது. பல்பை மாற்றுவார்கள், ஸ்விட்சை மாற்றுவார்கள், ஃபிளாஷரை மாற்றுவார்கள். ஒரு போல்ட்டின் அடியைச் சுரண்டினால் பேய் ஓடிவிடும்.

சின்ன ஆம்பியர் வயர்களுக்கு வேறு நோய். கதவுக்குள் போகும் வயர்க்கட்டு, கதவு திறந்து மூடும் ஒவ்வொரு தடவையும் மடங்குகிறது. வருடக்கணக்கில் மடங்கி, மேலுறை முழுசாக இருக்க, உள்ளே தாமிர இழைகள் ஒவ்வொன்றாக அறுகின்றன. கதவைத் திறந்தால் கண்ணாடி இறங்கும், மூடினால் இறங்காது. கனெக்டர்களுக்குள் வெள்ளீயம் பூசிய ஊசிகள், இன்ஜின் அதிர்விலும் சூடு ஏறி இறங்குவதிலும் மயிரிழையைவிடக் குறைந்த தூரம் முன்னும் பின்னும் உரசுகின்றன. ஒவ்வொரு உரசலிலும் புது உலோகம் வெளிப்பட்டு, காற்றுபட்டு ஆக்சைடாகி, பொடியாகி அங்கேயே சேர்கிறது. கழற்றி மாட்டினால் பொடி விலகிச் சரியாகும். கொஞ்ச நாள். எலி கடித்த வயரைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. அது கண்ணுக்குத் தெரிந்துவிடும், அந்த வகையில் எலி நேர்மையானது.

இதையெல்லாம் கார் வைத்திருப்பவரின் புலம்பல் என்று தள்ளிவிட முடியாது. 2024 மார்ச் 26 அன்று அமெரிக்காவின் பால்டிமோர் துறைமுகத்திலிருந்து கொழும்பை நோக்கி ‘டாலி’ என்ற சரக்குக் கப்பல் புறப்பட்டது. ஏறக்குறைய 300 மீட்டர் நீளம். மாலுமிகளில் பெரும்பாலோர் இந்தியர். நள்ளிரவு தாண்டி 1 மணி 25 நிமிட வாக்கில் கப்பலின் விளக்குகள் அணைந்தன, இன்ஜின் நின்றது. திரும்ப வந்த மின்சாரம் மறுபடியும் போயிற்று. நான்கு நிமிடத்தில் அது பிரான்சிஸ் ஸ்காட் கீ பாலத்தின் தூணில் மோதியது. பாலம் விழுந்தது. மேலே குழிகளை அடைத்துக்கொண்டிருந்த சாலைப் பணியாளர்கள் 6 பேர் இறந்தார்கள்.

முதல் மின்வெட்டுக்கான காரணத்தை அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் 2025 நவம்பரில் அறிவித்தது. ஒரே ஒரு வயர். கட்டுப்பாட்டுப் பெட்டியில் ஒரு சின்ன சிக்னல் வயர், அதன் அடையாளத்துக்காகப் போட்டிருந்த லேபிள் வளையம் கொஞ்சம் முன்னே தள்ளி மாட்டப்பட்டிருந்ததால், டெர்மினலின் ஸ்பிரிங் பிடிக்குள் முழுவதுமாக நுழையவில்லை. நுனி விளிம்பில் உட்கார்ந்திருந்தது. அது நழுவியபோது ஒரு பிரேக்கர் திறந்துகொண்டது. அதன்பின் நடந்தவற்றில் வேறு குறைகளும் சேர்ந்துகொண்டன என்பது உண்மைதான். ஆனால் தொடக்கம் அந்த நுனி. அதுவும் தொட்டுக்கொண்டுதான் இருந்தது.

ஆயிரக்கணக்கான இணைப்புகளுக்குள் அப்படி ஒன்றைக் கண்டுபிடிப்பது எப்படி? கப்பலில் நிபுணர் குழுவுக்கே மாதக்கணக்கில் ஆனது. காரில் அவ்வளவு பாடு இல்லை, கேள்வியைச் சரியாகக் கேட்டால். தரகரைப் பிடிக்க வேண்டுமென்றால் பணம் கைமாறும் நேரத்தில் போய் நிற்கவேண்டும். மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் ஈயக் கம்பத்தின்மேலேயே வையுங்கள். மறுமுனையை அதைச் சுற்றியிருக்கும் கிளாம்பில் வையுங்கள். இரண்டுக்கும் நடுவே அரை மில்லிமீட்டர்கூட இல்லை. ஒருவரைச் செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். மீட்டர் பூஜ்ஜியத்தை ஒட்டியே நின்றால் அங்கே கமிஷன் இல்லை. அரை வோல்ட்டைத் தாண்டினால் திருடன் அங்கேதான். பிறகு நெகட்டிவ் கம்பத்திலிருந்து இன்ஜின் உடம்புக்கு, பாசிட்டிவ் கம்பத்திலிருந்து செல்ஃப் மோட்டாரின் தடித்த போல்ட்டுக்கு. மூன்று நாலு இடம் பார்ப்பதற்குள் விஷயம் வெளிவந்துவிடும். பிற்பாடு என் பழைய கிளாம்பை மறுபடி மாட்டி இப்படி வைத்துப் பார்த்தேன். ஏறத்தாழ இரண்டரை வோல்ட் காட்டியது. 12.6 என்று சாதித்த அதே மீட்டர்தான்.

இந்த இடத்தில் ஓர் எளிய கருவிக்காகப் பரிந்து பேச ஆசை. எலக்ட்ரீஷியன் கடையில் ஒரு பல்பும் இரண்டு வயரும் சேர்ந்த டெஸ்ட் லாம்ப் தொங்கும். டிஜிட்டல் மீட்டர் வைத்திருப்பவர்கள் அதை ஏளனமாகப் பார்ப்பதுண்டு; நானும் பார்த்தேன். மீட்டர் ஒரு துளி மின்சாரத்தைக் கேட்டுவிட்டு “இருக்கிறது” என்று சொல்லும். பல்பு ஒன்றிரண்டு ஆம்பியர் கேட்கும். வேலை வாங்கிப் பார்த்துவிட்டுத்தான் சொல்லும். நூறு இழையில் ஓர் இழை மிஞ்சிய வயர் மீட்டரிடம் பாஸாகிவிடும், பல்பிடம் மங்கிப்போகும். கணினிப் பெட்டி, ஏர்பேக் வயர்களில் மட்டும் அதை வைக்கக்கூடாது; அங்கே அந்த ஒன்றிரண்டு ஆம்பியரே ஆபத்து.

சத்தமும் சாட்சி சொல்லும். ஒரே ஒரு ‘டக்’ வேறு, ‘டகடகடக’ என்று தொடர்ந்து அடிப்பது வேறு. இரண்டாவதில், மோட்டாருக்கு மின்சாரத்தைத் திறந்துவிடும் காந்த ஸ்விட்சான சோலனாய்டு இழுக்கிறது, மோட்டார் பெரும் மின்சாரத்தைக் கேட்கிறது, வோல்ட் சரிகிறது, சோலனாய்டு விட்டுவிடுகிறது, பாரம் போனதும் வோல்ட் மீள்கிறது, மறுபடி இழுக்கிறது. இது பெரும்பாலும் பேட்டரி இறங்கியிருப்பதன் அடையாளம். டெர்மினலும் இப்படி அடிக்கலாம். டாஷ்போர்டில் ஏபிஎஸ், ஸ்டியரிங் என்று சம்பந்தமில்லாத எச்சரிக்கைகள் ஒன்றாகப் பூத்தால், அத்தனையும் ஒரே நேரத்தில் கெட்டிருக்காது. செல்ஃப் அடித்த நொடியில் வோல்ட் சரிந்து பெட்டிகள் மயங்கி விழித்திருக்கும். இவற்றையெல்லாம்விட எனக்குப் பிடித்த சாட்சி கடிகாரம். ‘டக்’குக்குப் பிறகு டாஷ்போர்டுக் கடிகாரம் சரியான நேரம் காட்டினால் பேட்டரியோடு தொடர்பு அறவே அறுபடவில்லை. 1:00 என்றோ 12:00 என்றோ திரும்பியிருந்தால் ஒரு கணமாவது மின்சாரம் முழுக்கத் துண்டாகியிருக்கிறது, பேட்டரி முனையிலேயே தேடலாம். என் வண்டிக் கடிகாரம் அந்த மூன்று மாதத்தில் நாலைந்து முறை 1:00 ஆகியிருந்தது. கடிகாரம் கெட்டுவிட்டது என்று நினைத்து, ஒவ்வொரு முறையும் திருத்திவைத்தேன்.

எலக்ட்ரீஷியன் ஸ்பானரோடு வந்தார். சிலர் இந்த மாதிரி இடைவெளியில் தாமிரக் கம்பியைச் சுற்றியோ தகரத்துண்டைச் செருகியோ இறுக்கிவிடுவார்கள். வேண்டாம் என்றார், புதிய கிளாம்ப் ஒன்றைப் பையிலிருந்து எடுத்தார். கம்பத்தை உப்புத்தாளில் தேய்த்தார், சாம்பல் போய் ஈயம் வெள்ளியாக மின்னியது. கிளாம்பை அடிவரை இறக்கி இறுக்கினார். பிறகு மேலே வாசலின் தடவினார். தடவிவிட்டு மாட்டலாமா, மாட்டிவிட்டுத் தடவவேண்டுமா என்று பட்டறைகளில் சண்டையே நடக்கும். மாட்டியபின் தடவுவதே எனக்கும் சரியாகப்படுகிறது, காற்றும் அமிலமும் உள்ளே போகாமலிருந்தால் போதுமே. விரலால் ஒருமுறை திருகிப் பார்த்தார். அசையவில்லை. பேட்டரிக் கடையில் கொடுத்ததைச் சொன்னபோது, வாங்கிய தொகையை இரண்டு தடவை கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டாரே தவிர, ஒன்றும் சொல்லவில்லை.

அன்று கடிகாரத்தை 10:42க்குத் திருத்திவைத்தேன். ஒன்பது மாதமாகிறது. இப்போதும் காலையில் வண்டியில் உட்கார்ந்ததும் சாவியைத் திருப்புவதற்கு முன் கைக்கடிகாரத்தையும் அதையும் ஒருமுறை ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்கிறேன். இரண்டு நிமிடம் பிந்திப் போகிறது. வேண்டுமென்றே திருத்தாமல் விட்டிருக்கிறேன்.